சேர்ந்துபோன தையல், கைவினைச் சாமான்களைக் கழிப்பது எப்படி?

நூல்கண்டு:

தோழிகளே, தோழர்களே, ஒரு பீரோ முழுக்கவும் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகவும் தையல், கைவினைச் சாமான்கள் கிடக்கு. எல்லாம் பல வருஷமாச் சேர்ந்தது. இருக்கிறது இவ்வளவு:

வெட்டாத துணி சுமார் 60 துண்டு, பாதிக்கு மேல் என்ன நூலிழைன்னே தெரியாது. ஒரு கூடை துணுக்கு. நூல்கண்டு 100க்குப் பக்கம், கொஞ்சம் கோன் நூல். எலாஸ்டிக், ஜிப், ஒட்டும் கேன்வாஸ் (காலர், பெல்ட் விறைப்பா நிக்க உள்ளே வெச்சு அயர்னால் ஒட்டுறது), கொக்கி, பிரஸ் பட்டன், ஒரு டப்பா நிறையப் பட்டன். எந்த மிஷினுக்குன்னு தெரியாத ஊசி, பாபின் (அடிநூல் சுத்துற குட்டி உருளை). உல்லன் நூல், பாதியில் நின்ன ரெண்டு பின்னல் வேலை. பாசிமணி, அக்ரிலிக் பெயின்ட், பாலிமர் களிமண்.

"ஒரு வருஷம் தொடலைன்னா தூக்கிப் போடு"ன்னு எல்லா இடத்திலேயும் சொல்றாங்க. அது துணிமணிக்குச் சரி, சாமானுக்குச் சரியா வரலை. நல்ல பட்டன் பத்து வருஷம் கழிச்சும் பட்டன்தான். எது இன்னும் உழைக்கும், எது கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சோதிக்கிறது? எதிலிருந்து தொடங்கலாம்? அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதா இருந்தா எந்த நிலையில் கொடுக்கணும்?

ஓட்டுத்தையல்:

உங்க சந்தேகம் நியாயம். "எனக்கு இது வேணுமா?"ன்னு கேட்டுக்கிட்டே பெட்டியைத் திறந்தால் சாயங்காலம் வரை ஒரு பெட்டிகூட முடியாது. முதலில் "இது உயிரோட இருக்கா?"ன்னு மட்டும் பாருங்க. சீக்கிரம் கெடுகிற சாமானை முன்னாடி எடுங்க. எலாஸ்டிக், பசை வகை, ஒட்டும் கேன்வாஸ், நூல், ரெக்சின், பிறகுதான் துணி. பட்டனும் உலோகச் சாமானும் கடைசியில். முதல் நாலில் பாதி தானே கழிஞ்சிடும், மனசைப் போட்டுக் குழப்பிக்க வேண்டியதில்லை.

எலாஸ்டிக்: 10 செ.மீ. பேனாவால் குறிச்சுக்கோங்க. 20 செ.மீ. வரை இழுத்து விடுங்க, பத்து தடவை. மறுபடி அளந்தால் 10.5 வரை இருக்கலாம். 11 தாண்டினால் குப்பை. இழுக்கும்போது உள்ளே நொறுநொறுன்னு சத்தம் கேட்டால் அளக்கவே வேண்டாம், ரப்பர் இழை காற்றிலும் சூட்டிலும் காய்ந்து அறுந்துட்டிருக்கு. தைச்ச புதுசில் தாங்கும், நாலு துவைப்பில் இடுப்பு தொளதொளத்துப் போகும். ஒரு விஷயம், அட்டையில் இறுக்கிச் சுத்தின எலாஸ்டிக்கை எடுத்த உடனே அளக்காதீங்க. பிரிச்சு ஒரு ராத்திரி சும்மா போட்டு வெச்சு அளங்க. இல்லாட்டி நல்லதும் நீண்டுபோனதாத் தெரியும்.

ஒட்டும் கேன்வாஸ்: இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறாங்க. 5 செ.மீ. சதுரம் வெட்டி, பசைப்பக்கம் (தடவினால் சொரசொரன்னு புள்ளி தட்டுப்படும், வெளிச்சத்தில் மினுங்கும்) ஒரு காட்டன் துணுக்கின் மேல் படுகிற மாதிரி வைங்க. மேலே ஈரத்துணி. அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் 10, 12 நொடி அழுத்திப் பிடிச்சு எடுங்க. நல்லா ஆறின பிறகுதான் மூலையைப் பிரிச்சுப் பார்க்கணும். சூட்டோட பிரிச்சால் பசை இளகி இருக்கும், புது கேன்வாஸ்கூட வந்துடும். ஆறியும் சுளுவா உரிஞ்சு வந்தால் பசை செத்துப்போச்சு. மடிப்பை உதறும்போதே தூளாக் கொட்டினாலும், ஒன்றோடொன்று ஒட்டி அடையா இருந்தாலும் சோதனை வேண்டாம். பசை போன கேன்வாஸை ஒட்டாத கேன்வாஸ் மாதிரி கையால் ஓட்டுத்தையல் போட்டு பை, பெல்ட்டுக்குள் வைக்கலாம். ஆனால் அங்கங்கே மிச்சமிருக்கிற பசை அயர்ன் பண்ணும்போது பிடிச்சுக் கொப்புளம் கொப்புளமாத் தூக்கும். சட்டைக் காலருக்குக் கிட்டவே கொண்டு போகாதீங்க.

நூல்: 30 செ.மீ. எடுத்து ரெண்டு கையிலும் பிடிச்சு வெடுக்குனு இழுங்க. கை வலிக்கிற அளவுக்கு இழுத்தால்தான் அறுபடணும். பொசுக்குனு போச்சுன்னா உடனே கண்டைத் தூக்கிப் போடாதீங்க, மேலிருந்து ரெண்டு மூணு மீட்டர் உருவிட்டு மறுபடி பாருங்க. வெளிச்சம் மேல் சுற்றை மட்டும் கெடுத்திருக்கும், உள்ளே நல்லா இருக்கலாம். பாலியெஸ்டர் நூல் ரொம்ப நாள் தாங்கும், காட்டன் நூல்தான் இற்றுப்போகும். இற்ற நூலை மிஷினில் மாட்டினால் அறுபடுறது மட்டுமில்லை, பிசிறு, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள் போய் அடைச்சுக்கும். அப்புறம் நல்ல நூல் போட்டாலும் தையல் ஒழுங்கா விழாது. கையால் போடுகிற ஓட்டுத்தையலுக்கு மட்டும் ரெண்டு மூணு கண்டு வெச்சுக்கலாம், எப்படியும் பிரிச்சு எறியப் போறதுதானே. கோன் நூல் பெரும்பாலும் ஓவர்லாக் மிஷினுக்கானது, சாதா நூலைவிட மெல்லிசு. விளிம்புக்கு ஓகே, தோள் தையலுக்கும் பேன்ட் இருக்கைத் தையலுக்கும் ஆகாது. மிஷின் எண்ணெய் பாட்டில் இருந்தால் வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. தண்ணி மாதிரி தெளிவா இல்லாமல் மஞ்சளா, கெட்டியா இருந்தால் மிஷினுக்கு விடாதீங்க.

ஜிப்: பத்து தடவை ஏத்தி இறக்குங்க. ஓட்டி (பிடிச்சு ஏத்தி இறக்குற துண்டு) போன பிறகு பின்னாலேயே பல் பிளந்துக்கிட்டா ஜிப் கெடலை, ஓட்டியின் வாய் அகன்று போயிருக்கு. பின்பக்க ரெண்டு ஓரத்தையும் குறட்டால் லேசா நெருக்குங்க. அதிகமா நெருக்கினால் ஓட்டி நகராது, அதனால் கொஞ்சம் கொஞ்சமா. உலோகப் பல் இறுகினால் பென்சில் முனையைப் பல்மேல் தேய்ங்க. நைலான் ஜிப்பில் நீளமானதை வெச்சுக்கோங்க. வேணும்கிற நீளத்தில் பல்லுக்குக் குறுக்கே நாலைந்து தையல் இறுக்கிப் போட்டு, 1.5 செ.மீ. கீழே வெட்டினால் குட்டி ஜிப் ஆயிடும். குட்டி ஜிப்பை நீளமாக்க வழி கிடையாது.

ரெக்சின், செயற்கைத் தோல்: மடக்கிப் பாருங்க. மேல் பூச்சு வெடிச்சாலோ, செதில் செதிலா உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ முழு ரோலும் போகட்டும். ஈரக்காற்றில் பூச்சே சிதைஞ்சு போறது அது, இன்னிக்கு ஓரத்தில் தெரியுது, தைச்ச பிறகு நடுவில் தெரியும். பழைய ஸ்பாஞ்சும் அப்படித்தான், விரலால் நிமிண்டினால் தூளாகும்.

ஊடும்பாவும்:

துணிக்கு நான் சொல்றேன். மேலே இருக்கிறவர் சொன்ன வரிசையே சரி, சீக்கிரம் கெடுகிறதை எல்லாம் முடிச்சிட்டுத் துணிக்கு வாங்க. ஆனால் துணி சோதனையில் அவசரம் வேண்டாம்.

முதலில் மடிப்பு. வருஷக்கணக்கா ஒரே மடிப்பில் இருந்த துணி அந்தக் கோட்டில்தான் இறும். மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல் வெச்சு விசுக்குனு இழுங்க. "சர்"ருனு மெல்லிய சத்தம் வந்தால் கிழியத் தொடங்கிடுச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சால் மடிப்பு நெடுகப் பொடிப்பொடியா ஓட்டை தெரியும். மடிப்பில் மட்டும் இற்றிருந்தால் மடிப்பை வெட்டி எறிஞ்சிட்டு ரெண்டு பக்கத்தையும் துண்டுத் துணியாச் சேர்த்துக்கோங்க. மடிப்பில்லாத இடத்திலும் இற்றால் மொத்தமும் போகணும். பழைய பட்டில் இது சகஜம்.

பூச்சி அரிச்சிருந்தால் எந்தப் பூச்சின்னு துணியே சொல்லிடும். உல்லன், பட்டில் வட்ட ஓட்டை இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. கஞ்சி போட்ட காட்டனில் மேலாகச் சுரண்டின மாதிரி ஒழுங்கில்லாமல் இருந்தால் வெள்ளிப்பூச்சி, அதுக்குத் தேவை கஞ்சி. காட்டனை அலசிக் கஞ்சி போனபிறகு மடிச்சு வைங்க. அரிச்ச உல்லனை மற்ற துணியோட சேர்க்கவே கூடாது.

என்ன இழைன்னு தெரியாத துணிக்குத் தீச்சோதனை. பீங்கான் தட்டு, இரும்பு இடுக்கி, பக்கத்தில் தண்ணி. விளிம்பிலிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுறது) நாலு, ஊடு நூல் (குறுக்கே ஓடுறது) நாலு தனித்தனியா உருவிக்கோங்க. ஒரு பக்கம் பாலியெஸ்டரும் மறுபக்கம் காட்டனுமா நெய்த துணி நிறைய உண்டு, சேர்த்து எரிச்சால் குழம்பிடுவீங்க.

காட்டன், லினன், ரேயான் மூணும் பேப்பர் மாதிரி வாசத்தோட சட்டுனு எரியும், மெத்துனு சாம்பல் சாம்பல் நிறத்தில் மிஞ்சும். உல்லனும் பட்டும் சுருண்டு மெதுவா எரியும், தீயை எடுத்தால் பெரும்பாலும் அணைஞ்சுடும், முடி கருகின நாத்தம், விரலால் நசுங்குகிற கரி. பாலியெஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி உருகும், கரும்புகை, கடைசியில் நசுங்காத கெட்டி மணி. அக்ரிலிக் உருகிக்கிட்டே கொழுந்துவிட்டு எரியும், இதில் கவனம். சாம்பலுக்குள் நறநறன்னு கட்டி தட்டுப்பட்டால் கலப்பு. ரேயானா காட்டனான்னு தெரியணும்னா நூலை நனைச்சு இழுங்க. ரேயான் ஈரத்தில் பலமிழந்து சட்டுனு அறும், காட்டன் அறாது. ரெக்சின், பிளாஸ்டிக் பூசின துணி, சமிக்கி ஒட்டின துணியெல்லாம் எரிக்காதீங்க, அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

சாயம் போகுமான்னு பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை மேலே வெச்சு அயர்னால் 10 நொடி அழுத்துங்க. கறை ஏறினால் அந்தத் துணி தனியா இருக்கணும், முக்கியமா அடர் சிவப்பும் கருநீலமும்.

அடுத்தது அளவு. "இது போதுமா"ன்னு தோராயமாப் பார்த்து வைக்கிறதால்தான் பீரோ நிறையுது. 110 செ.மீ. அகலத் துணியில் 45 செ.மீ. நீளம் இருந்தால் 40 செ.மீ. சதுர குஷன் உறை ஒண்ணு முழுசா வரும். முன்பக்கம் 42 x 42, பின்பக்கம் 42 x 28 ரெண்டு. மூணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 98 செ.மீ., அகலத்துக்குள் அடங்கிடும். ஓரம் மடிச்சது போகப் பின்னால் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும், ஜிப்பே வேண்டாம். 30 செ.மீ. சதுரம் இருந்தால் குறுக்குவாட்டில் 4 செ.மீ. பட்டை வெட்டி ஒட்டுப் போட்டு ஏறக்குறைய 2 மீட்டர் பைப்பிங் எடுக்கலாம். 5 இஞ்ச் சதுரம் வருகிறது ஒட்டுத்துணி வேலைக்கு. அதுக்கும் கீழே உள்ள துணுக்கு ஒன்று திணிக்க, இல்லை கழிக்க. திணிக்கிறதா இருந்தால் 2 செ.மீ.க்கு மேல் போகாமல் நறுக்கணும், தடிச்ச தையல் விளிம்பையும் ஜிப்பையும் எடுத்துடணும். இல்லாட்டி தலையணையில் கட்டி கட்டியா முட்டும்.

காஜா:

60 துணிக்கும் தீச்சோதனை பண்றது வேலையத்த வேலை. தைக்கப் போறதை மட்டும் சோதிச்சால் போதும்.

ஊசி, பாபின், பட்டன் பத்தி மட்டும்:

உருண்டைத் தண்டு ஊசி தொழிற்சாலை மிஷினுக்கு. ஒரு பக்கம் தட்டையா இருந்தால் வீட்டு மிஷினுக்கு, பெட்டியில் 130/705 எச் என்று போட்டிருக்கும். மாத்திப் போட்டால் உயரம் பொருந்தாது, மிஷினுக்குள் இருக்கிற கொக்கி நூலைப் பிடிக்காது, தையல் விட்டு விட்டு விழும். 75/11, 80/12, 90/14 என்கிற அளவு பல ஊசிகளில் தண்டிலேயே பொடியாப் பொறிச்சிருக்கும், போன் கேமராவில் பெரிசாக்கிப் பாருங்க. தட்டைப்பக்கத்தைக் கண்ணாடி மேல் வெச்சால் ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கடைசிவரை ஒரே சீரா இருக்கணும். சாய்ஞ்சிருந்தால் வளைஞ்ச ஊசி. முனையை நகத்தில் இழுத்தால் கீறல் விழக்கூடாது. பெட்டியில்லாமல் உதிரியாக் கிடக்கிற ஊசி பெரும்பாலும் மிஷினிலிருந்து கழட்டினதுதான், யோசிக்காமல் கழிங்க. மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு டேப் சுத்திக் குப்பைக்கு. துரு பிடிச்ச குண்டூசிக்கும் அதே டப்பா, துணியில் துருக்கறை விழுந்தால் லேசில் போகாது.

பாபினை அளவுகோல் வெச்சு அளங்க. கிளாஸ் 15, எல் என்கிற ரெண்டு வகைப் பாபினும் விட்டத்தில் ஒண்ணுதான், 20.3 மி.மீ. உயரம் மட்டும் வேற. முதலாவது 11.7, ரெண்டாவது 8.9. பார்வைக்குத் தெரியாது. தப்பானது உள்ளே உட்காரும், ஆடும், அடிநூல் சிக்கும். உங்க மிஷினோட வந்த ஒண்ணை வெச்சு ஒப்பிட்டுப் பொருந்தாததைக் கொடுத்துடுங்க. விளிம்பு சொட்டையான பிளாஸ்டிக் பாபின் குப்பை.

பட்டன் அளவை லைன் கணக்கில் சொல்வாங்க, 40 லைன் என்றால் 1 இஞ்ச். சட்டைக்கு வருகிறது 18 லைன், சுமார் 11.4 மி.மீ. ஒரே மாதிரி 10 இருந்தால் ஒரு சட்டைக்கு ஆச்சு: முன்னால் 7, கைப்பட்டைக்கு 2, உபரி 1. அதை நூலில் கோர்த்து முடிச்சுப் போடுங்க. நாலுக்குக் கீழே உள்ளது எல்லாம் ஒரே டப்பாவில், அதைத் தரம் பிரிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. பழைய பட்டனில் கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. சிதையும்போது வெளிவருகிற ஆவி பக்கத்தில் இருக்கிற உலோகக் கொக்கியை அரிக்கும், சட்டுனு தீப்பிடிக்கும். காற்றோட்டமா, தனியா, காகித உறையில் வைங்க. என்ன பட்டன்னு பார்க்கச் சூடான ஊசியால் குத்துற பழக்கம் சிலருக்கு உண்டு, செல்லுலாய்டா இருந்தால் அது ஆபத்து.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி. தைக்கப் போறதை மட்டும் சோதிக்கணும்னா, கொடுக்கப் போறதை என்னன்னு சொல்லிக் கொடுக்கிறது? அப்புறம் உல்லன், பெயின்ட், களிமண் பத்தி யாரும் சொல்லலையே. உல்லனில் ஒரு பந்தில் மட்டும் நாலைந்து இடத்தில் நூல் அறுந்து வருது.

ஊடும்பாவும்:

அதனால்தான் சொன்னேன். எல்லா 60ஐயும் எரிக்க வேண்டாம், தொட்டுத் தெரியாததை மட்டும். கொடுக்கிற துணியில் "பாலியெஸ்டர் கலப்பு, 2.3 மீ., அகலம் 110" என்று ஒரு சீட்டு இருந்தால் வாங்குறவங்க அயர்ன் சூட்டைச் சரியா வைப்பாங்க.

கம்பளிநூல்:

ஒரே பந்தில் பல இடத்தில் அறுந்து வருதுன்னா அந்துதான். அந்தப் பந்தையும் அது இருந்த பெட்டியில் உள்ள எல்லா உல்லனையும் இப்பவே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேத்தி வாயைக் கட்டுங்க. மைனஸ் 18 டிகிரி போகிற ஃப்ரீசரில் 2 வாரம். எடுத்ததும் பையைத் திறக்காதீங்க, ஒரு நாள் வெளியில் வெச்சு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க. இல்லாட்டி ஈரம் நூல்மேலேயே படிஞ்சுடும். பெட்டியின் மூலை முடுக்கை வேக்வம் பண்ணிடுங்க, முட்டை அங்கேயும் இருக்கும். சுத்த அக்ரிலிக் நூலை அந்து தின்னாது, அதைப் பிரிச்சு வைங்க.

மிச்ச நூல் எவ்வளவுன்னு தெரிய அவிழ்த்து அளக்க வேண்டாம், எடை போட்டால் போதும். சீட்டில் 100 கிராமுக்கு 200 மீட்டர்னு இருந்து, தராசில் 37 கிராம் வந்தால் உங்ககிட்ட 74 மீட்டர் இருக்கு. சீட்டு இல்லாத நூலுக்கு 10 மீட்டர் அளந்து நிறுத்துக் கணக்குப் போடலாம், ஆனால் கிராம் மட்டும் காட்டுற தராசில் அது தப்பாகும், அரை கிராமாவது காட்டணும். சீட்டில் வேற வேற சாயத்தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏத்தினதைக் காட்டுற எண்) இருக்கிற பந்துகளை ஒரே நிறம்னு நம்பிச் சேர்க்காதீங்க, பின்னின பிறகு கோடு தெரியும்.

பாதியில் நின்ன வேலைக்கு மூணு கேள்வி: மாதிரிக் குறிப்பு கையில் இருக்கா, முடிக்க நூல் இருக்கா, எந்த எண் ஊசியில் பின்னினதுன்னு தெரியுமா? ரெண்டுக்கு இல்லைன்னா பிரிச்சுடுங்க. பிரிச்ச நூல் சுருள் சுருளா நிக்கும், அப்படியே பந்து சுத்தக்கூடாது. நாற்காலி முதுகில் சிட்டமாச் சுத்தி நாலு இடத்தில் வேற நூலால் தளர்வாக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில் 20 நிமிஷம் ஊற வெச்சு, பிழியாமல் டவலில் அமுக்கித் தொங்க விடுங்க. அடியில் எடை கட்டாதீங்க, நூல் நீண்டுபோய் அடுத்த பின்னல் துவைச்சதும் சுருங்கிடும். மொஹேர் மாதிரி முடி நிறைஞ்ச நூல் பிரிய மறுத்தால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வெச்சுப் பிரிங்க, முடி பிடி விடும்.

வண்ணக்கிண்ணம்:

அக்ரிலிக் பெயின்ட்: தண்ணி மேலே, நிறம் கீழேன்னு பிரிஞ்சு நின்னா கெடலை, கலக்கினால் சரியாகும். ரப்பர் மாதிரி கட்டி கட்டியா வந்தால் முடிஞ்சது, தண்ணி விட்டாலும் கரையாது. அழுகின நாத்தம், பூஞ்சை இருந்தால் மூடிக் கழிங்க. தொட்டியில் கொட்டாதீங்க, குழாயில் போய் இறுகும். மரத்தூளோ கிழிச்ச பேப்பரோ சேர்த்துக் காய விட்டுத் திடமானதும் குப்பையில் போடுங்க. ஆயில் பெயின்ட், தின்னர், ஸ்பிரே கேன் இந்தக் கணக்கில் வராது, உங்க ஊர் அபாயக்கழிவு சேகரிப்பில்தான் கொடுக்கணும். கேனை ஓட்டை போடவே கூடாது.

பாலிமர் களிமண் உதிர்ந்தால் உடனே எறியாதீங்க. பொடிச்சு, ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு அஞ்சு நிமிஷம் பிசைங்க. சேர்ந்து வந்தால் பிழைச்சது. நடுவில் கடலை மாதிரி கெட்டி உருண்டை தட்டுப்பட்டால் சூட்டில் பாதி வெந்திருக்கு, அது திரும்பாது. சந்தேகம்னா 3 மி.மீ. பட்டை செஞ்சு உறையில் போட்டிருக்கிற சூட்டில், நேரத்தில் வேக வெச்சு ஆறினதும் வளைங்க. கொஞ்சம் வளையணும், படக்குனு முறிஞ்சால் நகைக்கு ஆகாது. கண்ணாடி மாதிரி இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்காதீங்க, களிமண் அதை இளக்கி ஒட்டிக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 போட்ட டப்பா சரி. காற்றில் காயும் களிமண் காகிதக்கூழ் வகையா இருந்தால் இறுகினது இறுகினதுதான்.

பாசி: கலந்து கொட்டினதைப் பிரிக்கவே உட்காராதீங்க, எடை போட்டுக் கலவையாவே கொடுங்க. முலாம் நிக்குமான்னு பார்க்க நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் நாலைந்து மணியைத் தேய்ங்க. நிறம் பஞ்சில் வந்தால் உடம்பில் படுகிற நகைக்கு வேண்டாம்.

ஓட்டுத்தையல்:

கொடுக்கிறதைப் பத்தி ஒண்ணு. தையல் பயிற்சி இடம், பள்ளிக்கூடக் கைவினை வகுப்பு, முதியோர் இல்லம் எதுவா இருந்தாலும் முதலில் கேட்டுட்டுக் கொண்டு போங்க. சிக்கு விழுந்த நூல், இற்ற எலாஸ்டிக், பாதி வறண்ட பசையெல்லாம் கொடுத்தால் அது தானம் இல்லை, உங்க குப்பையை அவங்க தலையில் கட்டுறது. பத்து ஜிப்பை ஒரு பையில் போடுறதைவிட, ஒரு குஷன் உறைக்கான துணி, நூல், பட்டன்னு ஒரு பையா கட்டினால் வாங்கினவங்க அன்னிக்கே தைப்பாங்க. வெட்டின காகிதப் பேட்டர்னில் ஒரு துண்டு குறைஞ்சாலும் கொடுக்காதீங்க. அந்துருண்டை வாசம் இருந்தால் நிழலில் காற்றாட நாலைந்து நாள் போட்டுக் கொடுங்க.

வைக்கிறதுக்கு: துணியில் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்தாதீங்க, துரு பிடிக்கும். விளிம்பில் ரெண்டு தையலால் பிடிச்சு வைங்க. செய்தித்தாளில் சுத்த வேண்டாம், மரப்பலகையிலும் நேரா வைக்க வேண்டாம், ரெண்டும் மஞ்சள் ஏத்தும். உல்லனையும் பஞ்சு விரிப்பையும் வேக்வம் பையில் நாள்கணக்கா அமுக்கி வெச்சால் உப்பல் போயிடும். இறுக்கமா மூடுற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, துணி நல்லாக் காய்ஞ்ச பிறகு. அடுத்த தடவை எடுத்து மடிக்கும்போது பழைய கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி மடிங்க.